சரியும் நெல் அட்டிகள்

ஐயா,

குறுவை அறுவடையும் ஐப்பசி மழையும் சேர்ந்து வரும்போது டெல்டாவில் நெல் நனைவதைப் பற்றித்தான் பேச்சு. மூட்டைகளை உயரமாக அடுக்கிய அட்டி சரிந்து ஆள் நசுங்கும் ஆபத்தை யாரும் பேசுவதில்லை.

கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ. 25 மூட்டை சரிந்தாலே ஒரு டன். அடிக்கட்டை போடாமல் தரையில் அடுக்கினால் ஈரம் ஏறி அடிமூட்டைகள் ஒரு பக்கமாக அமுங்கும், அட்டி அந்தப் பக்கம் சாயும். கட்டை போட்டாலும் தரை மட்டமாக இல்லாவிட்டால் இதே கதிதான். ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்தது குறுக்கே என்று மாற்றி மாற்றி அடுக்கினால்தான் மூட்டைகள் ஒன்றையொன்று பிடித்து நிற்கும். தையல் வாய் உள்பக்கம் இருக்க வேண்டும். கொக்கி மாட்டி இழுத்தால் சாக்கு கிழிந்து நெல் கசியும், மூட்டை தளரும், மேல்வரிசை இறங்கும்.

லாரி காத்திருக்கும் அவசரத்தில் கைக்கு எட்டும் உயரத்தில் உள்ள மூட்டையை அட்டியிலிருந்து உருவுவதுதான் மிகக் கொடிய பழக்கம். உச்சியிலிருந்து படிப்படியாகத்தான் பிரிக்க வேண்டும். ஏற்றுப் பலகை நனைந்திருந்தால் உலர்ந்த சாக்கை விரித்து, நழுவாமல் கட்டுங்கள்.

ஒவ்வொரு கிடங்கின் சுவரிலும் அட்டியின் உயர வரம்பைக் கோடாக வரையுங்கள். சாய்ந்த அட்டியைப் பிரிக்கும்வரை அதனடியில் யாரையும் வேலைக்கு விடாதீர்கள்.

வாசகர்கள்,
நீடாமங்கலம்