வாடைக்காற்றில் கயிறு கொடுத்த அண்ணனுக்கு நன்றி

புத்தாண்டு ராத்திரி, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரின் தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) படகிலேயே தங்கின எங்க எல்லார் சார்பிலும், பேர்கூடச் சொல்லாமல் தன் வல்லத்தை (நாட்டுப் படகை) திருப்பிக்கிட்டுப் போன அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.

மார்கழி வாடை வடகடலை (பாக் நீரிணைப் பக்கத்தை) கலக்கிவிடும், அதனால்தான் தெற்கே வந்து நிற்கிறோம். இங்கே காற்று கரையிலிருந்து வீசுவதால் அலை குறைவு. ஆனால் நங்கூரம் இழுபட்டால் படகு கடலுக்குள்ளே போய்விடும், தூங்குகிறவனுக்குத் தெரியவே தெரியாது. கயிறு குத்தாக இறங்கினால் நங்கூரம் மண்ணைக் கவ்வாது. தண்ணீர் 2 பாகம் (ஒரு பாகம் சுமார் 6 அடி), அணியத்தின் (படகின் முன்பக்கத்தின்) உயரம் அரைப் பாகம் என்றால், இரண்டையும் கூட்டி ஏழு மடங்காக ராத்திரிக்குப் பதினேழரைப் பாகம் கயிறு விடணும் என்று அண்ணன் கணக்குச் சொல்லி, தன் கயிற்றையே ஒட்டுப்போட்டுக் கொடுத்தார்.

அதைவிடப் பெரிய உதவி, அணியத்தில் கயிறு உரசும் இடத்தில் பழைய ரப்பர் ஹோஸை நீளவாக்கில் கீறி மாட்டி, இரண்டு முனையையும் நூலால் இறுக்கினது. நைலான் அங்கேதான் தேயும், அதுவும் அடிப்பக்கம்.

சீரியல் பல்பைத் தனி பேட்டரிக்கு மாற்றினார். இன்ஜின் பேட்டரி 12.2 வோல்ட்டுக்கு இறங்கினாலே பாதி காலி. இன்னும் இறங்கினால் அவசரத்துக்கு இன்ஜின் கிளம்பாமல் போகலாம். கேஸ் சிலிண்டரை மேல்தளத்துக்கு ஏற்றினார், கசிந்தால் கேஸ் படகின் அடியில்தான் தங்கும். 12 மணிக்குச் சிவப்பு பாராசூட் ராக்கெட்டை யாரும் விடக்கூடாது, அது ஆபத்துக்கு மட்டும் என்று ஒவ்வொரு படகாகச் சொல்லிட்டுப் போனார்.

அண்ணே, உங்க கயிறு பத்திரமாக இருக்கு. தென்கடல் பக்கம் வந்தால் வாங்கிக்கங்க.