கடலோரப் பங்குகளின் ஆயர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர்களே, பங்குத்தந்தையரே,

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் சிக்கிய மீனவர்கள் கரை திரும்பாதபோது, வீடு வீடாகக் கேட்டுப் பெயர் எழுதியவை குமரியின் கடலோரப் பங்குகள்தான். எங்கள் மக்கள் முதலில் ஓடிவருவது கோயிலுக்குத்தான். அந்த நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டி நீட்டும் தூண்டில் வளைவை இனி ஊர் ஊராகக் கேட்காதீர்கள். ஆனி, ஆடியில் கடல் வீட்டு முற்றத்துக்கே வந்துவிடும்போது மக்கள் கொதிப்பது நியாயம்தான். ஆனால் கரையோரமாக நகர்ந்து வரும் மணலை வளைவு ஒரு பக்கம் பிடித்துக்கொள்கிறது. மறுபக்கம் மணல் வரத்தில்லாமல் கரை அரிக்கிறது. இந்த ஊர் தப்பினால் அடுத்த ஊரில் வீடு விழுகிறது. அப்புறம் அவர்களும் வளைவு கேட்டு மறியலுக்கு உட்காருகிறார்கள். கல்லுக்காக மலை உடைபடுகிறது. கடைசியில் கரையில் நின்று இழுக்கும் கரமடி வலையை இழுக்கவும் வள்ளம் ஏற்றவும் மணல் இருப்பதில்லை. கல் போட்ட கரையில் தொழில் செய்ய முடியாதவர் துறைமுகத்துக்குப் போய் அடுத்தவர் படகில் கூலியாகிறார். கடலரிப்பும் வறுமையும் எங்களுக்கு ஒரே பிரச்சினை.

கடனும் அப்படித்தான். தரகரிடம் முன்பணம் வாங்கியவர் அவர் வைத்த விலைக்கே மீனைக் கொடுக்க வேண்டும். வட்டி நெருக்கும்போது சிறுகண்ணி வலையைப் போட்டுக் குஞ்சு மீனையும் அள்ளுகிறார். அவரிடம் போய்க் கடலைக் காப்பாற்று என்று மறையுரை வைத்து என்ன பயன்? அவரைக் கடனிலிருந்து மீட்கும் வழியைத் திருச்சபை முன்பே செய்து காட்டியிருக்கிறது. 1960-களின் இறுதியில் திருவனந்தபுரம் கடற்கரையில், மரியநாட்டில், திருச்சபையின் சமூகப் பணியில் வேரூன்றி ஒரு மீனவர் சங்கம் எழுந்தது. மீனைக் கரையிலேயே சங்கம் ஏலம் விட்டது. விற்ற காசில் கடனுக்கும் சேமிப்புக்கும் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியை மீனவர் கையில் கொடுத்தது. இப்படிப்பட்ட சங்கங்கள் சேர்ந்துதான் 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. சங்கம் நலிந்துபோன ஊர்களில் அதற்கு மறுபடி உயிர் கொடுங்கள். திருவிழாப் பந்தலுக்குத் திரட்டுகிற பணத்தில் ஒரு பகுதி போதும், முதல் சுழல்நிதிக்கு.

ஊர்கள் ஒன்று சேராது என்பார்கள். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது அதை எதிர்த்துச் சேர்ந்தார்களே! அன்று பங்குக்குள் வீடுகள் கூடும் சிறு குழுக்களான அன்பியங்கள் எல்லாவற்றிலும் அதே பேச்சாகத்தான் இருந்தது.

எனவே அடுத்த ஆனிக்கு முன் நீரோடி முதல் கன்னியாகுமரி வரையுள்ள பங்குப் பேரவைகளை ஒரே கூடத்தில் உட்கார வையுங்கள். பெண்களும் வரட்டும், மீனை விற்பதும் வட்டிக்காரருக்குப் பதில் சொல்வதும் அவர்கள்தான். முழுக் கரைக்கும் மணல் ஓட்ட ஆய்வு வேண்டும், அது முடியும்வரை புதிய கல் வேண்டாம், அதுவரை வீடிழப்போருக்கு மாற்று வீடு வேண்டும் என்று ஒரே மனுவாகக் கொடுங்கள். உங்கள் எல்லோருடைய கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.

அன்புடன்,
கடலோரப் பங்கு ஒன்றின் இறைமக்களில் ஒருவன்