64 பெட்டிகள் தெருவுக்கு வருமுன்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஆண்டவன் அருளாலும் உங்கள் தயவாலும் மூன்று வருடமாக நனையாமல் காத்துவந்த 64 பெட்டிகளை வரும் 30ஆம் தேதிக்குள் எடுத்தாக வேண்டும். அவை இருக்கும் கராஜ் வீட்டோடு விலைபோய்விட்டது. வாங்கியவர் நல்லவர்தான், ஆனால் அவருக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமாம்.

பெட்டிகளில் இருப்பவை மின்னணு வைத்தியம் பார்த்த கலிபோர்னியா மருத்துவர்கள் சிலரின் கடிதங்களும் நாட்குறிப்புகளும். அந்த வைத்தியத்தைத் தொடங்கிய ஆல்பர்ட் ஆப்ராம்ஸ் சாதாரண ஆள் இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் பிறந்து, ஹைடல்பெர்க்கில் மருத்துவம் படித்து, கூப்பர் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். காகிதத்தில் உலர்ந்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைப்பார். அதிலிருந்து வரும் ஒயரை, மேற்குப் பார்த்து நிற்கும் ஆரோக்கியமான ஒருவரின் நெற்றியோடு இணைப்பார். அப்புறம் அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, ரத்தத்துக்குரியவரின் நோயைச் சொல்வார். குணப்படுத்த ஆஸிலோகிளாஸ்ட் என்ற பெட்டி. மருத்துவர்களுக்கு அந்தக் கருவி வாடகைக்குத்தான் கிடைக்கும், திறந்து பார்க்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டும். எங்கள் குழுவில் சிலருடைய தாத்தாக்கள் அப்படி எழுதிக் கொடுத்தவர்கள்.

அவரைச் சோதிக்க ஒருவர் சேவல் ரத்தத்தை அனுப்பியதற்கு மலேரியா, புற்றுநோய், நீரிழிவு என்று பதில் வந்த கதையும் எங்களுக்குத் தெரியும். 1924 ஜனவரியில் ஆப்ராம்ஸ் நிமோனியாவில் இறந்தார். அதே ஆண்டு சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழ் தன் விசாரணையை முடித்து, அந்த முறையில் ஒன்றுமில்லை என்று எழுதியது. நாங்கள் அதை மறுக்கவில்லை. நீங்கள் தரும் பணம் எந்த வைத்தியத்துக்கும் போகாது.

ஆனால் ஒன்று யோசியுங்கள். போலி வைத்தியம் என்று குற்றம் சாட்டிய அமெரிக்க மருத்துவச் சங்கம் 1906 முதல் சேர்த்த கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவர்களின் காகிதம்தான் கராஜில் கிடக்கிறது. வலி தாங்காமல் கடைசி நம்பிக்கையாக இவர்களிடம் போன நோயாளிகளின் கடிதங்களும் அதோடுதான் கிடக்கின்றன. (நோயாளிகளின் பெயர்களை மறைத்துத்தான் யாருக்கும் காட்டுவோம்.)

கணக்கு இது. காகிதத்தை அரிக்காத அமிலமில்லாப் பெட்டிகள் 896 டாலர், ஒரு வருடக் கிடங்கு வாடகை 2,880, பட்டியல் தயாரிப்பவருக்கு 9,600, ஸ்கேன் செய்ய 5,024. மொத்தம் 18,400. கையில் இருப்பது 11,250. துண்டு விழுவது 7,150.

கொடுத்தவர்களை எப்படி மறப்பது? ஓய்வூதியத்திலிருந்து மூன்று தவணையாக அனுப்பிய அம்மா, பூஞ்சை பிடித்த கடிதங்களை முகமூடி போட்டுக்கொண்டு தாள் தாளாகப் பிரித்த ஓய்வுபெற்ற செவிலியர், சனிக்கிழமை தவறாமல் வந்து சமோசாவும் கொடுத்துப் பெட்டியும் தூக்கிய இளைஞர்கள், "முழுக்க ஏமாற்று வேலை, இருந்தாலும் எலிக்குப் போகக் கூடாது" என்று திட்டிக்கொண்டே 500 டாலர் நீட்டிய ரேடியோ பொறியாளர், எல்லோருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி. உங்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: போன வருடக் கூட்டத்தில் பணம் தருவதாக 41 பேர் கை தூக்கினீர்கள், ரசீது வாங்கியவர்கள் 17 பேர். யார் யார் என்று பொருளாளரின் நோட்டில் இருக்கிறது, படிக்க மாட்டோம். தாத்தாவின் படத்தைக் கூடத்தில் மாட்டி வைத்துக்கொண்டு அவர் கையெழுத்தைக் குப்பை வண்டிக்கு விடுவது சரியா என்று அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்து டாலரும் பணம்தான். 20ஆம் தேதிக்குள் பொருளாளரிடம் சேர்த்துவிடுங்கள். பணம் முடியாதவர்கள் கடைசி சனிக்கிழமை காலை வண்டியோடு வாருங்கள். வேன் இருந்தால் நல்லது, பெட்டி ஒவ்வொன்றும் நல்ல கனம்.

இப்படிக்கு,
பாதுகாப்புக் குழுவினர்