ரீலோடிங் பவுடரை விலை பார்த்து எடுக்காதீங்க, கேஸ் எவ்ளோ ரொம்புதுன்னு பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கைத்துப்பாக்கி தோட்டாவை வீட்லயே ரீலோட் பண்றது (சுட்டு முடிச்ச காலி கூட்டுல, அதாவது கேஸ்ல, திரும்ப பவுடர்ன்ற மருந்தை போட்டு புல்லட் வெக்கறது) பத்தி நீங்க போட்ட கட்டுரையை படிச்சேன். தமிழ்ல இந்த விஷயத்தை யாரும் எழுதறதே இல்ல, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா அதுல ஒரு வரி ரெண்டு நாளா மனசை உறுத்திக்கிட்டே இருக்கு. கொஞ்சமா போட்டாலே வேலை செய்யற பவுடரா பார்த்து வாங்குங்க, ஒரு டப்பால நிறைய ரவுண்டு வரும்னு எழுதியிருந்தாங்க. கணக்கு தப்பில்ல, கிரெய்ன்றது மருந்தோட எடை அளவு, ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன், ரவுண்டுக்கு 4 கிரெய்ன் போட்டா 1750 ரவுண்டு, 6 கிரெய்ன் போட்டா 1166 தான். ஆனா புதுசா ஆரம்பிக்கறவங்க அந்த ஒரு வரியை மட்டும் பிடிச்சிக்கிட்டு கடைக்கு போனா என்ன நடக்கும்னு எனக்கு தெரியும், நானும் அப்படித்தான் போனேன், அதனாலதான் இந்த லெட்டர்.

நான் ஆரம்பிச்சது .38 ஸ்பெஷல் ரிவால்வருக்கு. இந்த கேஸ் 1898ல வந்தது, அப்ப கருமருந்து காலம், கருமருந்தை ரொப்பறதுக்கு தகுந்த மாதிரி கேஸை நீளமா பண்ணிட்டாங்க. இப்ப நம்ம போடறது புகையில்லா மருந்து, அதுல நாலஞ்சு கிரெய்ன் போட்டாலே போதும், அந்த பெரிய கேஸுக்குள்ள அது அடியில லேசா படிஞ்சிருக்கும், மிச்சம் பூரா காலி இடம். நான் வாங்கினது ரொம்ப வேகமா எரியற, அடர்த்தியான பவுடர், சிக்கனம்னு சொல்லி கொடுத்தாங்க. 50 கேஸ் வெக்கற ட்ரேல வரிசையா வெச்சு, மெஷர்ல (மருந்தை அளந்து விடற கருவி) ஒவ்வொண்ணா ரொப்பிக்கிட்டு வரேன், நடுவுல போன் வந்துச்சு, பேசிட்டு வந்து விட்ட இடத்துல இருந்து தொடர்ந்தேன், டார்ச் அடிச்சு மேலோட்டமா ஒரு தடவை பார்த்தேன், எல்லாம் ஒரே மாதிரி தெரிஞ்சுது, புல்லட்டை உட்கார வெச்சு முடிச்சுட்டேன்.

ராத்திரி படுத்த அப்புறம்தான் சந்தேகம் வந்துச்சு, விட்ட இடம் எதுன்னு சரியா ஞாபகம் இல்ல. எழுந்து போய் ஒவ்வொரு ரவுண்டையும் ஸ்கேல்ல வெச்சு பார்த்தேன், அதுல ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாதுன்னு அப்பதான் புரிஞ்சுது, ஏன்னா வேற வேற கம்பெனி கேஸ் கலந்து இருந்துச்சு, கேஸுக்கு கேஸ் சில கிரெய்ன் வித்தியாசம், புல்லட்டுக்கு புல்லட்டும் கொஞ்சம் வித்தியாசம், இதுக்குள்ள 4 கிரெய்ன் அதிகம் இருந்தா அது அப்படியே மறைஞ்சிடும். வேற வழி இல்லாம புல்லட்டை கழட்டறதுக்குன்னு சுத்தியல் மாதிரி இருக்கற புல்லர்ல வெச்சு 50 ரவுண்டையும் தட்டி தட்டி பிரிச்சேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஒரு ரவுண்டுல மருந்து சரியா ரெண்டு மடங்கு இருந்துச்சு, அதை சுட்டிருந்தா துப்பாக்கியே வெடிச்சிருக்கலாம். அந்த ரெண்டு மடங்கை திரும்ப அதே கேஸ்ல கொட்டி பார்த்தேன், அப்பவும் பாதி கேஸ் கூட ரொம்பல. டார்ச் வெளிச்சத்துல அது ஏன் என் கண்ணுல படலன்னு அப்ப தெரிஞ்சுது.

அந்த ராத்திரிக்கு அப்புறம் பவுடர் வாங்கும்போது நான் கேக்கற முதல் கேள்வி, இது என் கேஸ்ல எவ்ளோ உயரத்துக்கு நிக்கும்ன்றதுதான். ஒரு சார்ஜ், அதாவது ஒரு ரவுண்டுக்கு போடற மருந்து, பாதிக்கு மேல நின்னுச்சுன்னா, தப்பி தவறி ரெண்டாவது தடவை போட்டா மேல வழிஞ்சு டேபிள்ல கொட்டிடும், அதை கண் தெரியாதவங்க கூட கவனிச்சிடுவாங்க. புல்லட்டுக்கு ஒரே வேகம் தர்ற ரெண்டு பவுடர் இருந்தா, எது பருமனா இருக்கோ அதை எடுங்க, ரவுண்டுக்கு காசு கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்ல. இதுக்குன்னே ட்ரெயில் பாஸ்னு ஒரு பவுடர் பண்ணாங்க, நடுவுல ஓட்டை வெச்ச குட்டி குட்டி வளையம் மாதிரி இருக்கும், கம்மி எடைல நிறைய இடத்தை அடைச்சுக்கும், பழைய பெரிய ரிவால்வர் கேஸ்ல ஈயப் புல்லட்டை மெதுவா விடறதுக்காக வந்தது. எல்லா கேலிபருக்கும் (தோட்டா அளவுக்கும்) இப்படி ஒண்ணு கிடைக்காது, 9 எம்எம் மாதிரி சின்ன கேஸ்ல பவுடர் எதை போட்டாலும் ஓரளவு ரொம்பிடும், .38 ஸ்பெஷல், .45 கோல்ட் மாதிரி பெரிய கேஸ்ல இது உயிர் விஷயம்.

காலி இடம் நிறைய இருந்தா இன்னொரு தொந்தரவும் இருக்கு. துப்பாக்கியை மேல தூக்கி இறக்கி சுட்டா பவுடர் பிரைமர் (கேஸ் அடியில மருந்தை பத்த வெக்கற சின்ன மூடி) பக்கம் இருக்கும், கீழ் பக்கம் பார்த்து வெச்சு தூக்கி சுட்டா புல்லட் பக்கம் போயிடும், பத்திக்கற விதமே மாறிடும். வேகம் அளக்கற கிரோனோகிராஃப் வெச்சு ரெண்டு விதமாவும் சுட்டு பாருங்க, சில பவுடர்ல வித்தியாசம் அப்பட்டமா தெரியும். டைட்குரூப் மாதிரி சில பவுடர் எங்க கிடந்தாலும் ஒரே மாதிரி பத்திக்கும்னு பேரு வாங்கினது, ஆனா அதுவும் அடர்த்தியானதுதான், டபுள் சார்ஜ் போட்டா கேஸ்ல வழியாது, அதனால அதை எடுத்தா ஒவ்வொரு கேஸையும் கண்ணால பார்த்துட்டு உடனே புல்லட்டை வெக்கற பழக்கம் வேணும்.

இப்ப எரியற வேகத்துக்கு வரேன். உங்க கட்டுரைல பவுடருக்கு "பவர்"னு ஒண்ணு இருக்கற மாதிரி எழுதியிருந்தாங்க, அது சரியில்ல. முக்கியமானது அது எவ்ளோ வேகமா எரிஞ்சு பிரஷரை ஏத்துதுன்றது. பிஸ்டல் பேரல் நாலஞ்சு இன்ச்தான், புல்லட் அதை தாண்டறதுக்கு ஒரு மில்லி செகண்ட் அளவுதான் ஆகும், அதுக்குள்ள மருந்து எரிஞ்சு முடியணும், அதனாலதான் ரைஃபிள் பவுடரை விட பிஸ்டல் பவுடர் வேகமா எரியும். பிஸ்டல் பவுடருக்குள்ளயே வேகமானது பிரஷரை டக்குனு உச்சத்துக்கு கொண்டு போய் இறங்கிடும், மெதுவானது நின்னு தள்ளும். லேசான டார்கெட் லோடுக்கு வேகமானது போதும், 1898ல இருந்து புழக்கத்துல இருக்கற புல்ஸ்ஐ அந்த வகை. .357 மேக்னம்ல கனமான புல்லட்டை முழு வேகத்துல விடணும்னா மெதுவானது வேணும். .38 ஸ்பெஷலுக்கு அனுமதிச்ச உச்ச பிரஷர் 17,000 பிஎஸ்ஐ (ஒரு சதுர இன்ச்ல எத்தனை பவுண்டு அழுத்தம்ன்ற கணக்கு), .45 ஏசிபிக்கு 21,000, 9 எம்எம்முக்கும் .357 மேக்னமுக்கும் 35,000. .357 கேஸ் .38 ஸ்பெஷலை விட ஒரு இன்ச்ல எட்டுல ஒரு பங்கு அளவுதான் நீளம், ஆனா தாங்கற பிரஷர் ரெண்டு மடங்கு, இதை யோசிச்சு பார்த்தா ஒரு கேஸுக்கு எழுதின கணக்கை இன்னொண்ணுக்கு தூக்கி போடறது எவ்ளோ ஆபத்துன்னு புரியும்.

எரியற வேகத்துக்கு ஒரு சார்ட் போடுவாங்க, வேகமானது மேல, மெதுவானது கீழ. அந்த சார்ட் வெறும் வரிசைதான். பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு பவுடருக்கு நடுவுல எவ்ளோ இடைவெளின்னு அது சொல்லாது, கேஸ் மாறினா வரிசையே கொஞ்சம் மாறும். என் பவுடர் கிடைக்கல, சார்ட்ல அடுத்த வரில இருக்கறதை அதே அளவு போட்டுக்கறேன்னு சொன்னவங்களை நான் பார்த்திருக்கேன், கையெடுத்து கும்பிட்டு கேட்டுக்கறேன், அதை மட்டும் பண்ணாதீங்க. பேரை பார்த்தும் ஏமாறக்கூடாது. எச்பி-38, வின்செஸ்டர் 231, இந்த ரெண்டும் ஒரே பவுடர், பேர்தான் வேற. அதுக்கு நேர்மாறா ரைஃபிள் பவுடர்ல 4350ன்ற நம்பர் மூணு பிராண்ட் பேர்ல வருது, மூணும் ஒண்ணு கிடையாது.

பவுடரோட உருவமும் பார்க்கணும், இது நிறைய பேர் விட்டுடற விஷயம். தகடு தகடா இருக்கறது ஃப்ளேக், உருண்டையா இருக்கறது பால், குச்சி மாதிரி இருக்கறது ஸ்டிக். பால் பவுடர் மணல் மாதிரி வழுக்கிக்கிட்டு இறங்கும், மெஷர்ல ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒரே எடை விழும். பெரிய தகடு வகை சில நேரம் குழாய்க்குள்ள பாலம் கட்டி நின்னுக்கும், ஒரு கேஸ்ல கம்மியா விழும், அடுத்த கேஸ்ல மிச்சமும் சேர்ந்து விழும். கம்மியா விழுந்ததுதான் இன்னும் பயங்கரம், புல்லட் பேரலுக்குள்ளயே மாட்டிக்கும், சத்தம் சுருங்கி டப்னு கேக்கும், அதை கவனிக்காம அடுத்ததை சுட்டா பேரல் வீங்கிடும் இல்ல வெடிச்சிடும். சத்தம் வித்தியாசமா கேட்டா உடனே நிறுத்தி, துப்பாக்கியை காலி பண்ணி, பேரல்ல குச்சி விட்டு பாருங்க.

9 எம்எம்ல வேகமான பவுடர் போடறவங்களுக்கு ஒரு வார்த்தை. கேஸ் சின்னது, பிரஷர் அதிகம், அதனால தப்புக்கு இடமே கம்மி. ஒரு கிரெய்ன்னா 64.8 மில்லிகிராம், அதுல பத்துல ரெண்டு பங்குன்னா 13 மில்லிகிராம் அளவு, உச்ச லோடுக்கு கிட்ட போயிட்டா அந்த 13 மில்லிகிராம் கூட கணக்குல வரும். புல்லட் கொஞ்சம் உள்ள இறங்கினா உள்ள இருக்கற இடம் சுருங்கி பிரஷர் எகிறும், ஒரே ரவுண்டை திரும்ப திரும்ப சேம்பர்ல (துப்பாக்கிக்குள்ள தோட்டா உட்கார்ற இடத்துல) ஏத்தி இறக்கினா இது நடக்கும். நடுத்தர வேகத்துல இருக்கற பவுடர் எடுத்தா இந்த விஷயத்துல கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும்.

போட்டிக்கு சுடறவங்களுக்கு வேற கணக்கு. ஐபிஎஸ்சில (துப்பாக்கி சுடற போட்டி நடத்தற உலக அமைப்பு) மைனர் பவர் ஃபேக்டர், அதாவது தோட்டாவுக்கு வேண்டிய குறைஞ்சபட்ச பலம், 125, புல்லட் எடையை வேகத்தால பெருக்கி ஆயிரத்தால வகுக்கணும், 124 கிரெய்ன் புல்லட் நொடிக்கு 1010 அடி போனா 125ஐ தொட்டுட்டு நிக்கும், சூடு குளிர் மாறினா கீழ போயிடும், அதனால எல்லாரும் 130 பக்கம் வெச்சுக்கறாங்க. ஒரே புல்லட், ஒரே வேகம், ஆனா வேகமான பவுடர்ல கம்மி எடையே போதும், வெளிய வர்ற வாயுவும் கம்மி, உதை மெத்துனு இருக்கும். காம்பென்சேட்டர் (பேரல் நுனில வாயுவை மேல திருப்பி உதையை அடக்கற சாதனம்) மாட்டின துப்பாக்கிக்கு இது தலைகீழ், அது வேலை செய்யறதுக்கே நிறைய வாயு வேணும், அதனால அவங்க மெதுவான பவுடரை நிறைய போடறாங்க.

வாங்கறதுக்கு முன்னாடி உங்க கேலிபர், உங்க புல்லட் எடை, அது வெறும் ஈயமா இல்ல ஜாக்கெட் (மேல செம்பு உறை) போட்டதா, இது மூணுக்கும் பவுடர் கம்பெனியே வெளியிட்ட டேட்டா (எவ்ளோ மருந்து போடலாம்ன்ற அட்டவணை) இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அந்த டப்பாவை கீழ வெச்சுடுங்க. பொதுவா உச்சத்துல இருந்து பத்து சதவீதம் கம்மியா ஆரம்பிச்சு மேல ஏறணும். வீட்ல வந்த அப்புறம் டேபிள்ல ஒரு நேரத்துல ஒரே டப்பாதான் இருக்கணும், மெஷர்ல மிச்சம் இருக்கறதை அன்னிக்கே அதே டப்பால கொட்டிடணும், பேர் தெரியாத பவுடரை நிறத்தை பார்த்து ஊகிக்கவே கூடாது. டப்பா திறந்ததும் நெடி புளிச்ச மாதிரி மூக்குல ஏறினாலோ, செங்கல் தூள் மாதிரி செம்பழுப்பா தூசி இருந்தாலோ அது கெட்டுப்போச்சு, அதை போடாதீங்க.

அடுத்த பகுதியில மேக்னம் பத்தி எழுதறதா போட்டிருந்தீங்க, அதனால ஒரே ஒரு வேண்டுகோள். எச்110, வின்செஸ்டர் 296, இதுவும் ஒரே பவுடர்தான், அதுக்கு நான் மேல சொன்ன பத்து சதவீத விதி பொருந்தாது, கம்பெனியே 3 சதவீதத்துக்கு மேல குறைக்காதீங்கன்னு சொல்லியிருக்கு, குறைச்சா சரியா பத்திக்காம புல்லட் பேரல்லயே நின்னுடலாம். பயந்து பயந்து கம்மியா போடறவங்கதான் இதுல மாட்டிக்கறாங்க, கம்மின்னா சேஃப்னு நம்ம எல்லாருக்கும் மனசுல இருக்கு. அந்த வரியை கட்டுரையோட கடைசில வெக்காம, அந்த பவுடர் பேர் முதல் தடவை வர்ற இடத்துலயே, அதுக்கு பக்கத்துலயே போடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர்