மீறுவதில் எத்தனை விதம்!

பாரிஸ்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதியானது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள். இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்கு லிசேயில் கடைசி வருடம், வீட்டில் எந்நேரமும் பரீட்சைப் பேச்சுதான்.

'மீறினான்' என்று வருகிற இடத்திலெல்லாம் பாண்டியில் உன் பிரெஞ்சு வகுப்பு மாணவர்கள் 'வியோலே' போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஆங்கிலம் வழியாக பிரெஞ்சுக்கு வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் இது நடக்கும். ஆனால் இதை அப்படியே விட்டுவிடாதே. 'வியோலே' கனமான வினை. உடன்படிக்கை, நாட்டின் எல்லை, தொழில் ரகசியம், அடுத்தவர் வீடு என்று, அத்துமீறி உள்ளே புகக் கூடாத இடங்களுக்கு உரியது. பாலியல் வன்கொடுமைக்கும் இதே வினைதான். பெயர்ச்சொல்லில் மட்டும் பிரித்துவிட்டார்கள்: அது 'வியோல்', மற்றவை 'வியோலாசியோன்'. வகுப்புக்கு செல்போன் கொண்டுவந்த பையனைப் பற்றி எழுத இவ்வளவு பெரிய சொல் எதற்கு?

அவனுக்கு 'ஆன்ஃப்ரேந்த்ர்' போதும். விதி, சட்டம், தடை எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதில் கோபமும் கிடையாது, பரிவும் கிடையாது. சட்டத்தில் எல்லாக் குற்றங்களுக்கும் பொதுப்பெயரான 'ஏன்ஃப்ராக்சியோன்' இதன் உறவுதான். பயப்படுவதைச் சொல்கிற 'க்ரேந்த்ர்' மாதிரியே உருமாறும் என்று சொல்லிக்கொடு, பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்தது 'கோந்த்ரவ்னிர்', விதிக்கு எதிராக நடப்பது. இதற்குப் பின்னால் 'அ' என்ற இடைச்சொல் கட்டாயம் வர வேண்டும். 'வா' என்று பொருள்படும் 'வெனிர்' குடும்பமாக இருந்தும் இறந்தகாலத்தில் 'அவுவார்' துணைவினைதான் எடுக்கும், அதையும் சொல்லிவிடு. சனிக்கிழமைகளில் நம்மவர்களுக்கு வருகிற அரசாங்கக் கடிதங்களைப் படித்துச் சொல்வேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன் இல்லையா? யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் ஒரு கடிதத்தோடு வந்தார். மேலே 'கோந்த்ரவான்சியோன்' என்று கொட்டை எழுத்து. "நான் களவு ஒண்டும் செய்யேல்லையே பிள்ளை" என்றார், கை நடுங்கிக்கொண்டிருந்தது. விஷயம் வண்டி நிறுத்திய இடம் சரியில்லை என்பதுதான். இந்த நாட்டில் குற்றங்கள், லேசானதிலிருந்து கனமானதுவரை, மூன்று தட்டு: 'கோந்த்ரவான்சியோன்', 'தெலி', 'க்ரீம்'. முதல் தட்டுக்குள் ஐந்து வகுப்பு உண்டு. அபராதம் வரும், சிறை என்ற பேச்சே கிடையாது. 'க்ரீம்' என்பது கொலை போன்றவற்றுக்கு மட்டும். நம் மொழியில் இந்த மூன்றையும் 'குற்றம்' என்ற ஒரே சொல்லில் போட்டுவிட்டால் ஒரு வயதான மனிதர் இரவெல்லாம் தூங்கமாட்டார். அதனால்தான் இந்த நுணுக்கங்களை வெறும் இலக்கணமாக நான் பார்ப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வினை 'தெரோஜே'. இதுவும் 'அ' கேட்கும். பழைய பிரான்சில் பிரபு குலத்தில் பிறந்தவன் கடை வைத்தாலோ கைத்தொழில் செய்தாலோ அவன் 'தெரோஜே' செய்துவிட்டான் என்பார்கள். குல அந்தஸ்து போகும், வரிவிலக்கும் போகும். கண்ணாடி ஊதும் தொழில் போன்ற சிலவற்றுக்கு விதிவிலக்கு. பிரத்தாஞ் பகுதியில் இன்னும் விசேஷம்: வியாபாரம் செய்கிற காலம்வரை பிரபுத்துவத்தை 'தூங்கப் போட்டு', பிறகு எழுப்பிக்கொள்ளலாம். 1669இல் பதினான்காம் லூயி கடல் வாணிபம் செய்தால் குலம் கெடாது என்று ஆணையே போட்டார். சொல்லின் அந்த வாசனை இன்னும் போகவில்லை. தன் தகுதிக்கு, தன் வழக்கத்துக்குக் கீழே இறங்குவதை இன்றும் இந்த வினையால் சொல்கிறார்கள்.

ஆனால் இதன் பெயர்ச்சொல் 'தெரோகாசியோன்' கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம் போய் நிற்கிறது. விதியிலிருந்து விலக, விதி போட்டவரே தருகிற அனுமதி அது. பிள்ளையைப் பேட்டைப் பள்ளியில் போடாமல் வேறு பள்ளியில் சேர்க்க வேண்டுமென்றால் பெற்றோர் இதைத்தான் கேட்டு மனுப் போடுவார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, வீட்டை விட்டு இறங்க நாங்களே நிரப்பிக் கையெழுத்திட்ட தாளின் பெயரிலும் 'தெரோகாதுவார்' என்ற சொல் இருந்தது. ரொட்டி வாங்கப் போனாலும் அது கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் 135 யூரோ. பிரபுக்களின் சொல் எங்கள் பையில் மடித்து வைத்த தாளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது பார்.

'த்ரான்ஸ்க்ரெஸே' நேராக ஒரு கோட்டைத் தாண்டுவது. சட்டத்துக்கும் சொல்லலாம். ஆனால் சமூகம் மூடி வைத்த ஒன்றை, செய்யக்கூடாது பேசக்கூடாது என்ற ஒன்றைத் தாண்டும்போதுதான் அதன் முழு பலம் தெரியும். 1971 ஏப்ரல் 5 அன்று, கருக்கலைப்பு குற்றமாக இருந்த காலத்தில், 343 பெண்கள் தாங்களும் அதைச் செய்துகொண்டோம் என்று ஒரு வார இதழில் பெயரோடு அறிவித்தார்கள். வாசகத்தை எழுதியவர் எழுத்தாளர் சிமோன் த பொவ்வுவார். மறைவில் செய்தபோது அவர்கள் செய்தது 'ஆன்ஃப்ரேந்த்ர்'. பெயரைப் போட்டபோது அது 'த்ரான்ஸ்க்ரெஸே'வும் ஆனது, 'ப்ராவே'யும் ஆனது. 'ப்ராவே' என்றால் தண்டனை வரும் என்று தெரிந்தே எதிரில் போய் நிற்பது. அடுத்த ஆண்டு பாரிஸ் புறநகரான பொபிஞியின் நீதிமன்றத்தில், கருக்கலைப்பு செய்துகொண்ட ஒரு சிறுமிக்காக வழக்கறிஞர் ழிசேல் அலிமி வாதாடினார், அவள் விடுவிக்கப்பட்டாள். 1975 ஜனவரியில் சட்டம் மாறியது, 2024இல் அரசியல் சாசனத்திலேயே அந்த உரிமை ஏறியது. நம் ஆட்கள் விசா அட்டைக்காக வரிசையில் நிற்கிற அதே பொபிஞிதான். அங்கே போகும்போதெல்லாம் அந்தச் சிறுமியை நினைத்துக்கொள்வேன்.

'பஃபுவே'யை மறந்துவிடாதே. உரிமையையும் மானத்தையும் மதிக்காமல் மீறுவது. தமிழில் 'காலில் போட்டு மிதித்தார்கள்' என்கிறோமே, அதுவேதான். 'மாங்கே அ' இன்னும் சுலபம்: வாக்குத் தவறுவது, கடமை தவறுவது. இரண்டுக்கும் நம்மிடம் கச்சிதமான சொல் இருப்பதால் பிள்ளைகளுக்கு அகராதியே வேண்டாம்.

தெருப் பிரெஞ்சும் கொஞ்சம் சொல்லிக்கொடு. சிவப்பு விளக்கை நிற்காமல் தாண்டுவது 'ப்ரூலே' அல்லது 'க்ரியே', அதாவது எரிப்பது, வாட்டுவது. ஓட்டுநர் உரிமத்தின் 12 புள்ளிகளில் 4 போய்விடும். மெத்ரோவில் வித்தவுட் போவது 'ஃப்ரோதே'. சாமர்த்தியமாக நழுவி உள்ளே போவது 'ரெஸ்கியே', அதில் ஒரு குறும்பு உண்டு. பத்தியத்தில் இருப்பவர் ஒரு நாள் இனிப்பு சாப்பிட்டால் விதிக்கு 'ஆந்தோர்ஸ்', சுளுக்கு, கொடுத்தார் என்பார்கள். விதி உடையவில்லை, சுளுக்கிக்கொண்டதோடு சரி!

இப்போது வகுப்பில் நீ செய்யக்கூடியது ஒன்று தோன்றுகிறது. வினைப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லாதே. மீறப்பட்டது என்ன என்று முதலில் கேள்: ஒரு சட்டப் பிரிவா, ஒருவருக்குக் கொடுத்த சொல்லா, ஒரு மனிதரின் உரிமையா, ஊர் மூடி வைத்த வாயா? அதற்குப் பதில் வந்தால் வினை தானாக வந்து நிற்கும். தமிழில் பெரும்பாலும் 'மீறு' ஒன்றையே வைத்துக்கொண்டு பக்கத்துச் சொல்லை மாற்றிச் சமாளிக்கிறோம். பிரெஞ்சில் அந்தப் பாரம் முழுவதும் வினையின் தலையில்தான். இது பிடிபட்டுவிட்டால் பிள்ளைகள் செய்தித்தாளையும் வேறு கண்ணோடு படிப்பார்கள். ஒரே போராட்டத்தை ஒரு பத்திரிகை 'ஆன்ஃப்ரேந்த்ர்' என்றும் இன்னொன்று 'தெஸோபெயிர்', அதாவது கீழ்ப்படிய மறுப்பது, என்றும் எழுதும். முன்னதில் தவறு செய்தவர்தான் தெரிவார், பின்னதில் மறுக்கிற ஒரு மனசாட்சியும் தெரியும்.

பாண்டியில் ஒருவழிப் பாதையில் எதிரே வண்டி ஓட்டுவதற்கு இப்போது பையன்கள் என்ன சொல் வைத்திருக்கிறார்கள்? மறக்காமல் எழுது. பெரியவளின் பரீட்சை முடிந்ததும் ஊருக்கு வரலாம் என்று இருக்கிறோம், டிக்கெட் போட்டதும் சொல்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் தோழி