கேபிள் ஒப்பீட்டில் விடுபட்ட அளவுகள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்விலை ஹெட்ஃபோன்களையும் அவற்றுக்கெனத் தனியாக விற்கப்படும் கேபிள்களையும் ஒப்பிட்டுச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். சென்ஹைசர் நிறுவனத்தின் எச்டி 600, எச்டி 650, எச்டி 800 எஸ் ஆகிய மூன்று ஹெட்ஃபோன்களின் ஒலிக்குணத்தைப் பற்றி அதில் சொல்லியிருப்பவை பெரும்பாலும் எனக்கும் உடன்பாடானவையே. 650-இல் கீழ்ஸ்தாயி சற்றுக் கனத்து ஒலிப்பதையும், 800 எஸ்-இல் வாத்தியங்கள் ஒன்றையொன்று நெருக்காமல் விலகி நிற்பதையும் கட்டுரையாளர் நுட்பமாகவே கவனித்திருக்கிறார். வெள்ளிக் கேபிளை மாட்டியதும் ஒலி மேம்பட்டது என்று சொல்லும் பகுதியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஹெட்ஃபோனோடு வந்த கேபிளை ஆம்ப்ளிஃபையரின் வழக்கமான 6.3 மில்லிமீட்டர் துளையிலும், புதிய வெள்ளிக் கேபிளை, ஒவ்வொரு பக்கத்தின் இரு கம்பிகளிலும் எதிரெதிர் சமிக்ஞையை அனுப்பும் நான்கு முனை பேலன்ஸ்டு துளையிலும் செருகிக் கேட்டதாகவும், நியாயமான ஒப்பீடாக இருக்கட்டும் என்று வால்யூம் திருகைத் தொடவில்லை என்றும் அவர் எழுதுகிறார். பேலன்ஸ்டு வெளியீடு உள்ள ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில், திருகு அதே இடத்தில் இருக்கும்போது, அந்த வெளியீடு மற்றதைப்போல் இருமடங்கு மின்னழுத்தம் தருகிறது. இருமடங்கு மின்னழுத்தம் என்றால் 6 டெசிபல். யார் காதுக்கும் தப்பாத வேறுபாடு. ஒலியின் அளவு கூடும்போது கீழ்ஸ்தாயியும் மிக மேலேயுள்ள பகுதியும் நடுப்பகுதியைவிட அதிகமாக எடுப்பாகக் கேட்கும் என்பதை ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து வெளியிட்டுவிட்டார்கள். பேஸ் இறுகியது, தம்புராவின் ரீங்காரம் விரிந்தது, பாடகரின் மூச்சு கேட்டது என்று கட்டுரை வெள்ளியின் கணக்கில் எழுதியிருக்கும் சிறப்புகள் அத்தனையும், பழைய கேபிளை வைத்துக்கொண்டே திருகைச் சற்று ஏற்றியிருந்தாலும் கிடைத்திருக்கக்கூடியவை.

கேபிளால் எவ்வளவு மாற்ற முடியும் என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். எச்டி 600-இன் இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு, 300 ஓம். மூன்று மீட்டர் கேபிளில் 0.13 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கம்பி இருப்பதாகக் கொண்டால், போய்த் திரும்பும் ஆறு மீட்டருக்கு மின்தடை சுமார் 0.8 ஓம். அதனால் குறைகிற ஒலி 0.02 டெசிபல். இந்த ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே சீராக இருப்பதில்லை, 100 ஹெர்ட்ஸ் பக்கம் 500 ஓம் அளவுக்கு ஏறிவிடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால்கூட, பேஸுக்கும் நடுப்பகுதிக்கும் இடையே கேபிள் உண்டாக்கும் ஏற்றத்தாழ்வு ஒரு டெசிபலில் நூறில் ஒரு பங்குதான். மின்தடையே இல்லாத கேபிள் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினாலும் மீட்கக்கூடியது அவ்வளவே. வெள்ளி, செம்பைவிட ஏறத்தாழ 6 சதவீதம் நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது. சற்றே தடித்த செப்புக் கம்பி அதை ஈடுகட்டிவிடும். உயர் அதிர்வெண்ணில் மின்சாரம் கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடும் என்ற வாதமும் இங்கே பொருந்தாது. 20,000 ஹெர்ட்ஸில்கூடச் செம்பில் மின்சாரம் பரவும் ஆழம் 0.46 மில்லிமீட்டர், நாம் பேசும் கம்பியின் ஆரமோ 0.2 மில்லிமீட்டர்தான்; ஆகவே கம்பி முழுவதிலும் மின்சாரம் ஓடுகிறது.

கேபிள் எங்குமே ஒலியை மாற்றாது என்று நான் சொல்லவில்லை. ஒரே கூட்டுக்குள் பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர் ட்ரைவர்களை (மிகச்சிறிய ஒலியெழுப்பிகளை; முன்னே சொன்ன பேலன்ஸ்டு துளைக்கும் இதற்கும் தொடர்பில்லை) அடக்கிய இயர்ஃபோன்களில் இம்பீடன்ஸ் ஓரிடத்தில் 5 ஓமாகவும் இன்னோரிடத்தில் 40 ஓமாகவும் இருப்பதுண்டு. அத்தகைய ஒன்றில் கேபிளின் மின்தடை 1 ஓம் கூடினால், 5 ஓம் உள்ள இடத்தில் ஒலி 1.6 டெசிபல் குறையும். 40 ஓம் உள்ள இடத்தில் 0.2 டெசிபல் மட்டுமே குறையும். ஒலியின் சமநிலையே மாறிவிடும், கவனித்துக் கேட்பவருக்குத் தெரியவும் செய்யும். அதுவும் மின்தடையால் வருகிற மாற்றம் என்பதால், அதே மின்தடையுள்ள சாதாரணச் செப்புக் கேபிளும் அதையே செய்யும். ஸ்டாக்ஸ் நிறுவனத்தினுடையவை போன்ற, மெல்லிய படலத்தை நிலைமின்விசையால் அசைக்கும் எலக்ட்ரோஸ்டேட்டிக் ஹெட்ஃபோன்களில் கேபிளின் மின்தேக்குத்திறன் ஆம்ப்ளிஃபையருக்குச் சுமையாகச் சேரும். கட்டுரை எடுத்துக்கொண்ட மூன்றும் இந்த இரு வகையிலும் அடங்காதவை.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எச்டி 600-இன் கேபிள் ஒவ்வொரு பக்கத்திலும், ஒன்று தடித்தும் மற்றது மெலிந்தும் இருக்கும் இரண்டு ஊசிகளால் செருகப்படுகிறது. நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் அந்த ஊசிகள் சில வருடங்களில் மங்கிப்போகின்றன. தலையைத் திருப்பினால் ஒரு பக்கம் கரகரத்து, விட்டுவிட்டு ஒலிக்கிறது. புதுக் கேபிளைச் செருகியதும் கரகரப்பு நிற்பது உண்மை. பழைய கேபிளையே உருவித் துடைத்து, இரண்டு மூன்று முறை செருகி எடுத்தாலும் பெரும்பாலும் நின்றுவிடும். காது மெத்தை அமுங்கிப் போனால் ட்ரைவர் காதை நெருங்கி, ஒலியின் சமநிலை அளந்தே காட்டக்கூடிய அளவுக்கு மாறுகிறது. பல வருடம் உழைத்த ஹெட்ஃபோனுக்கு முதலில் மாற்ற வேண்டியது மெத்தையைத்தான் என்பதை உயர்விலைக் கேபிளுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் வாசகரிடம் யாராவது சொல்ல வேண்டாமா?

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 283 ஹெட்ஃபோன்களை அளந்து 2017-இல் ஆய்வாளர் ஜெரோன் பிரேபார்ட் வெளியிட்ட ஆய்வில், விலைக்கும், எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உரக்கத் தருகிறது என்பதற்கும் தெளிவான தொடர்பு எதுவும் தென்படவில்லை. ஹெட்ஃபோனுக்கே நிலைமை இதுவென்றால், கேபிளின் விலையை வைத்து ஒலியை மதிப்பிடுவதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

முறையாகச் சோதிப்பது கடினமும் இல்லை. இரண்டு கேபிள்களையும் ஒரே வகைத் துளையில் செருகி, 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஹெட்ஃபோன் முனையில் கிடைக்கும் மின்னழுத்தத்தை மல்ட்டிமீட்டரில் அளந்து, ஒரு சதவீதத்துக்குள் சமப்படுத்தினால் ஒலியளவு 0.1 டெசிபலுக்குள் அமைந்துவிடும். ஹெட்ஃபோனைக் கழற்றி மாட்டும்போது அது காதில் உட்காரும் இடம் மாறி மேல்ஸ்தாயியும் மாறுவதால், கேபிளின் ஹெட்ஃபோன் முனைக்கு வரும் ஒலிச் சமிக்ஞையை இரு கேபிள்களிலும் பதிவு செய்துகொண்டு, எது எது என்று தெரியாமல் ஒரே ஹெட்ஃபோனில் மாற்றி மாற்றிக் கேட்பது இன்னும் நல்லது. 16 முறையில் 12 முறையாவது சரியாக அடையாளம் கண்டால் அதை மதிக்கலாம். வெறும் ஊகத்தால் அப்படி அமைவதற்கு நூற்றுக்கு நான்கு வாய்ப்புகூட இல்லை.

தங்கள் இதழை நம்பி வாங்குகிறவர்கள் பலர் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறவர்கள். ஆகவே அடுத்த ஒப்பீட்டில், ஒவ்வொரு கேபிளின் மின்தடை எவ்வளவு, எந்தத் துளையில் செருகப்பட்டது, ஒலியளவு எப்படிச் சமப்படுத்தப்பட்டது என்ற மூன்று விவரங்களையும் கட்டுரையோடு அச்சிட வேண்டுகிறேன். இயலுமானால், சென்ற இதழின் சோதனையையே ஒரே துளையில் மறுபடி நடத்தி முடிவை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
நாகப்பட்டினம்.