பாய்லரை மாற்றுவதற்கு முன்

அன்புள்ள வசந்திக்கு,

கடிதம் கிடைத்தது. பேரனுக்கு முடி இறக்கிக் காது குத்தியதைப் படித்து ரொம்ப சந்தோஷம். இங்கே இவருக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார்.

சரி, உன் எஸ்பிரெசோ காபி மெஷின் விஷயம். விளக்கு எரிகிறது, பம்ப் ஓடுகிறது, வருவது மட்டும் பச்சைத் தண்ணீர் என்கிறாய். அப்படியானால் மெஷினுக்குள் கரண்ட் வருகிறது. ஹீட்டரில் அல்லது அதற்குப் போகும் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. மூடியைக்கூடக் கழற்றாமல் "பாய்லர் போச்சு, மாத்தணும்" என்று சொன்னவருக்குப் பணம் கொடுத்துவிடாதே. சரிசெய்யக்கூடிய சாமானைத் தூக்கிப்போட எனக்கு மனசே வராது.

முதலில் ஆவி பட்டனைப் போட்டுப் பார். உன்னுடையதுபோல ஒரே பாய்லர் உள்ள சின்ன மெஷின்களில் பெரும்பாலும் காபிக்கு ஒரு தெர்மோஸ்டாட் (வேண்டிய சூடு வந்ததும் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்), ஆவிக்கு ஒன்று இருக்கும். ஆவியில் சூடேறினால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது, காபி தெர்மோஸ்டாட்தான் கெட்டிருக்கிறது என்று பொருள். அது விரல் நுனி அளவுச் சாமான்.

அதிலும் சூடேறாவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, மூடியைக் கழற்று. பாலிடெக்னிக்கில் மீட்டர் பிடித்த கை உனக்கு மறந்திருக்காது. ஹீட்டரின் ஒயர்களை விலக்கிவிட்டு ஓம், அதாவது மின்தடை, பார். 230 வோல்ட், 1,400 வாட் ஹீட்டர் என்றால் 38 ஓம் பக்கம் காட்டும். 1,000 வாட் என்றால் 53. முள்ளே அசையாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. ஹீட்டர் முனைக்கும் பாய்லர் உடம்புக்கும் நடுவில் ஓம் காட்டினால் இன்சுலேஷன் போய்விட்டது. அப்புறம் அந்த ஹீட்டரில் கரண்ட் விடவே கூடாது.

ஆனால் என் சந்தேகம் தெர்மல் பியூஸ் மேல்தான். பாய்லரை ஒட்டி, வெள்ளை உறைக்குள் ஒளிந்திருக்கும். பாய்லர் அளவுக்கு மீறிக் காய்ந்தால் உருகிவிடும். ஒருமுறை உருகினால் மாற்றத்தான் வேண்டும். அதை எடுத்துவிட்டு நேராக ஒயரை முறுக்கிக் கொடுப்பவர்கள் உண்டு. யார் சொன்னாலும் அதற்கு மட்டும் சம்மதிக்காதே, வசந்தி. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டாலும், தண்ணீர் இல்லாமல் பாய்லர் காய்ந்தாலும் வீட்டைக் காப்பது அதுதான். அதே டிகிரி, அதே ஆம்பியர் உள்ளதைப் போட வேண்டும். ஈயம் உருக்கிப் பற்றவைக்கக் கூடாது, அந்தச் சூட்டிலேயே பியூஸ் போய்விடும். ஒயர் முனைகளைச் சின்ன உலோகக் குழாயில் நுழைத்து நசுக்கி கிரிம்ப் செய்ய வேண்டும். பியூஸ் போனது ஏன் என்று தெரியாமல் புதிதைப் போட்டால் அதுவும் போகும். அதனால் இரண்டு தெர்மோஸ்டாட்டையும் கூடவே பார்த்துவிடு. ஆறிய நிலையில் இரண்டும் தொடர்பு காட்ட வேண்டும்.

கெட்டுப்போவதற்கு முன்பே காபி வெதுவெதுப்பாக, புளிப்பாக இருந்தது என்றாயே, அதற்கு உங்கள் போர் தண்ணீர் காரணமாக இருக்கலாம். ஹீட்டர் பாய்லர் சுவரிலேயே பதிந்திருக்கும் மாடலில், உள்ளே உப்பு படிந்தால் சுவர் மட்டும் சூடாகி தெர்மோஸ்டாட் சீக்கிரமே கரண்டை நிறுத்திவிடும். நடுவில் இருக்கும் தண்ணீர் காபிக்கு வேண்டிய 90 முதல் 96 டிகிரியைத் தொடாது. கையேட்டில் சொன்ன அளவுக்கு சிட்ரிக் அமிலம் கரைத்து ஓட்டி, நல்ல தண்ணீரில் நன்றாக அலசு.

சாயங்காலம் மட்டும் மெதுவாகச் சூடானது என்றாயே, அது வோல்டேஜ் குறைவால் இருக்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் 1,400 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 860 வாட்தான் தரும். அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் காத்திரு. காபித்தூள் போடும் கைப்பிடியையும் மாட்டியே சூடாக்கு. அந்தக் கனமான பித்தளை ஆறிக் கிடந்தால் காபியின் சூட்டை அதுவே இழுத்துக்கொள்ளும்.

ஹீட்டரின் ஓம், பியூஸ் மேல் எழுதியிருக்கும் டிகிரி, ஆம்பியர், தெர்மோஸ்டாட்டுகளின் எண், எல்லாவற்றையும் குறித்து அனுப்பு. ரிச்சி தெருவில் தேடி வாங்கிக் கூரியரில் போடுகிறேன்.

அன்புடன்,
மீனாட்சி